மறுமொழி: ‘கொல்செறிவு’ சரிதானா?

> லைக்கன் (பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிரி) கட்டுரையில் ஐசி-50க்குக் ‘கொல்செறிவு’ என்று போட்டிருக்கிறேன். சுருக்கம், பார்த்ததும் புரியும்.

ஐயா, சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பார்த்ததும் தப்பாகப் புரிகிறதே! உங்கள் கட்டுரையில் வருவது, செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று நிறத்தால் பார்க்கும் எம்டிடி சோதனை, 1983இல் மோஸ்மான் விவரித்த முறை. லைக்கனை அசிட்டோனில் ஊறவைத்து, அசிட்டோனை ஆவியாக்கி, எஞ்சிய சாரத்தைப் பல செறிவுகளில், குழித்தட்டில் வளரும் புற்றுச்செல்களின் மேல் விடுகிறார்கள். (‘சாறு’ வேண்டாம், இங்கே எதையும் பிழியவில்லை.) இரண்டு மூன்று நாள் கழித்து மஞ்சள் நிற எம்டிடி சேர்க்கிறார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். அந்த ஊதா பாதியாகக் குறையும் செறிவைத்தான் ஐசி-50 என்கிறோம்.

நிறம் ஏன் குறைந்தது என்று தட்டு சொல்லாது. செல் செத்திருக்கலாம். சாகாமல், பிரிவதை மட்டும் நிறுத்தியிருக்கலாம். வளர்சிதைமாற்றம் மந்தப்பட்டிருக்கலாம். மூன்றுக்கும் ஒரே வெளிறல்தான். போதாக்குறைக்கு, லைக்கன் சாரத்தில் பீனால் வகைப் பொருள்கள் உண்டு. அவற்றில் சில, செல்லே இல்லாத குழியிலும் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். அப்போது செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் ஏறும். இப்படிப்பட்ட அளவுக்கு ‘கொல்’ என்று பெயர் வைப்பது, விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதுவது மாதிரி.

தலைப்பில் உள்ள ‘புற்றுநோய் எதிர்ப்பு’ம் எனக்கு உறுத்துகிறது. லைக்கனில் இருக்கும் உஸ்னிக் அமிலம் தட்டில் புற்றுச்செல்லைத் தாக்குகிறது, சரி. உடல் எடை குறைக்க அதை விழுங்கியவர்களுக்குக் கல்லீரல் கெட்டதும் பதிவாகியிருக்கிறது. நல்ல செல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை ‘செல்நச்சுத்தன்மை’ போதும்.

என் பரிந்துரை: பாதித்தடைச் செறிவு.

---

> என் பரிந்துரை: பாதித்தடைச் செறிவு.

அம்மா, ‘கொல்’லைக் கைவிடுகிறேன். தலைப்பையும் மாற்றிவிட்டேன். ஆனால் ‘பாதித்தடை’யை வேகமாக வாசித்துப் பாருங்கள், ‘பாதித்த’ என்றுதான் கண்ணில் விழுகிறது. நோய் பற்றிய கட்டுரையில் அது வினையாகிவிடும். ‘அரைத்தடை’ என்று மாற்றினால் அம்மியில் அரைத்த கதைதான்!

---

சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். சரி, பாதியைச் சொல்லாக்காமல் எண்ணாகவே விட்டுவிடுவோமே: தடைச்செறிவு-50. இன்னொரு வசதியும் இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தடுக்கும் செறிவு வேறொரு கட்டுரையில் வந்தால் தடைச்செறிவு-90 என்று எழுதிக்கொள்ளலாம், புதுச்சொல் தேட வேண்டாம். முதல்முறை வரும் இடத்தில் மட்டும், ‘எண் சிறிதானால் சாரத்தின் வீரியம் அதிகம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பெரிய எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள் நிறையப் பேர்.