கொல்லிமலை ஏத்தத்துல கிளட்ச் ஸ்லிப் ஆகுது, பிளேட் மட்டும் மாத்தினா போதுமா?

மலைமூட்டை:
வணக்கம்ங்க. வண்டி 150 சிசி, அஞ்சு கியரு, 38 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருச்சு, இதுவரைக்கும் கிளட்ச் பக்கம் கைய வச்சதே இல்ல. வேலை விஷயமா காரவள்ளியிலருந்து செம்மேடு வரைக்கும் அடிக்கடி ஏறி எறங்குவேன், 70 கொண்டை ஊசி வளைவும் பின்னாடி மூட்டையோடதான். இப்ப கொஞ்ச நாளா ஏத்தத்துல ஆக்சிலேட்டர முறுக்குனா இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுதுங்க, வண்டி இழுக்க மாட்டேங்குது. கீழ நாமக்கல் ரோட்டுல ஒண்ணும் தெரியல, பாதி மலை ஏறி இன்ஜின் நல்லா சூடானப்பறம்தான் ஆரம்பிக்குது. மைலேஜும் குறைஞ்சுபோச்சு. ஒரு கடையில காட்டுனா சைடு கவரக்கூட கழட்டிப் பாக்காம பிளேட்டோட ஹவுசிங், ஹப்பு எல்லாம் சேத்து முழு கிளட்ச் அசெம்ப்ளியும் மாத்தணும்னு சொல்றாங்க. நெசமாவே அவ்வளவும் மாத்தணுமாங்க?

ஸ்பேனர்செட்:
கழட்டிப் பாக்காம அசெம்ப்ளி போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது ப்ரோ. நான் சேலத்துல பட்டறை வச்சிருக்கேன், மொதல்ல காசு செலவில்லாதத பாத்துடலாம். கிளட்ச் லிவர் நுனியில பொதுவா 10லருந்து 20 மில்லிமீட்டர் வரைக்கும் சும்மா ஆடணும், அதுக்கப்பறம்தான் கேபிள் இழுக்கணும். பிளேட் தேயத் தேய இந்த பிளே தானா குறைஞ்சுக்கிட்டே வரும், ஒரு கட்டத்துல பிளே சுத்தமா இல்லாம போயி நீங்க லிவரத் தொடாமலே கிளட்ச் லேசா பிடிச்ச மாதிரி நிக்கும், அப்பறம் ஸ்லிப் ஆகும், ஸ்லிப் ஆனா சூடாகும், சூடானா இன்னும் வேகமா தேயும். ஹேண்டில்பார ரெண்டு பக்கமும் முழுசா திருப்பியும் பிளே இருக்கான்னு பாருங்க, கேபிள் எங்கயாவது மாட்டிக்கிட்டு இருந்தா அதுலயே தெரிஞ்சிடும்.

அடுத்தது ஆயில். நம்ம வண்டியில கிளட்ச் இன்ஜின் ஆயில்லயே ஊறிக்கிட்டு சுத்தற வெட் கிளட்ச், அதனால டப்பாவுல ஜாசோ (டூ வீலர் ஆயிலுக்கு உள்ள ஜப்பான் தர முத்திரை) எம்ஏ இல்லன்னா எம்ஏ2ன்னு இருக்கணும். ஜாசோ எம்பி ஸ்கூட்டருக்கு உள்ளது. கார் ஆயில் பலதுல வழுக்கல் கூட்டறதுக்குன்னே கெமிக்கல் சேப்பாங்க, அது பிளேட்ல எறங்கிட்டா நல்ல பிளேட்டும் வழுக்கும்.

ஸ்லிப்தானான்னு உறுதி பண்ண, காலியான சம ரோட்டுல டாப் கியர்ல 40ல போறப்ப ஒரேயடியா முறுக்குங்க. ஆர்பிஎம் முள்ளு துள்ளி மேல போயி ஸ்பீடு அப்படியே நின்னா ஸ்லிப்தான்.

ஆழியாறு_ரைடர்:
எனக்கு வால்பாறை ரூட்டு, 40 கொண்டை ஊசி. அண்ணா சொன்ன எல்லாம் சரி, ஓட்டற விதத்தையும் சேத்துச் சொல்லிடறேன். வளைவுக்குள்ள போயிட்டு ஆஃப் கிளட்ச்ல, அதாவது லிவர பாதி பிடிச்சபடி, இழுக்கக் கூடாதுங்க, வளைவு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டோ ஒண்ணோ கியர் எறக்கி லிவர முழுசா விட்டுடணும். அதவிட மோசமானது, எதுத்தாப்ல பஸ் வருதுன்னு ஏத்தத்துல நிக்கறப்ப பிரேக் பிடிக்காம ஆஃப் கிளட்ச்லயே வண்டிய நிறுத்தி வைக்கறது. மூட்டையோட அப்படி நின்னா அந்த வெயிட்டு மொத்தத்தையும் உரசற பிளேட்டுதான் தாங்குது. பின் பிரேக்க மிதிச்சு நில்லுங்க. நாலு விரலும் லிவர் மேலயே வச்சுக்கிட்டு ஓட்டற பழக்கம் இருந்தா அதையும் விட்டுருங்க.

மலைமூட்டை:
ரொம்ப நன்றிங்க. பிளே சுத்தமா இல்ல, அட்ஜஸ்ட் பண்ணுனதும் கொஞ்சம் தேவலாம், ஆனா மேல போகப் போக மறுபடி ஸ்லிப் ஆகுது. ஆயில் எம்ஏ2தான். கழட்டியே ஆகணும்போல. கழட்டறப்ப நான் பக்கத்துல நின்னு என்னென்ன பாக்கணும்? ஸ்பிரிங்குக்கு அடியில வாஷர் போட்டா டைட் ஆயிரும்னு ஒருத்தர் சொல்றாரு, அது சரியாங்க?

ஸ்பேனர்செட்:
வாஷர் வேண்டவே வேண்டாம். லிவர் கல்லு மாதிரி ஆயிடும், கேபிள் சீக்கிரம் அறுந்துடும், தேஞ்ச பிளேட்டு தேஞ்ச பிளேட்டாத்தான் இருக்கும்.

கழட்டினதும் கிளட்ச் பிளேட் ஒவ்வொண்ணோட தடிமனையும் வெர்னியர் அளவுகோல் வச்சு மூணு நாலு இடத்துல அளக்கச் சொல்லுங்க, உங்க வண்டி மேனுவல்ல இருக்கற லிமிட்டுக்குக் கீழ போயிருந்தா செட்டாவே மாத்திடுங்க, ஒண்ணு ரெண்டு மட்டும் மாத்தாதீங்க. கருகின வாடை அடிச்சாலோ மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மினுமினுன்னு ஆயிருந்தாலோ அளவு இருந்தாலும் உதவாது. நடுவுல வர்ற ஸ்டீல் பிளேட்ட சமமான கண்ணாடி மேல வச்சுப் பாருங்க, வளைஞ்சிருந்தா எந்திரிச்சு நிக்கும், நீலம் பாரிச்சிருந்தா நல்லா சூடு வாங்கியிருக்குன்னு அர்த்தம், அதையும் மாத்திடுங்க. ஸ்பிரிங்கும் நீளம் அளக்கணும், 38 ஆயிரம் ஓடின மலை வண்டிக்கு நான்னா புதுசே போட்டுடுவேன்.

இப்ப உங்க அசெம்ப்ளி கேள்விக்கு வர்றேன். ஹவுசிங்ல, அதாவது பிளேட் எல்லாம் உள்ள உக்கார்ற வெளிக்கூட்டுல, பிளேட்டோட காது உக்கார்ற விரல் மாதிரி பாகம் இருக்கும்ல, அந்த ஓரத்துல நகத்த வச்சு மேல கீழ இழுத்துப் பாருங்க. வழவழன்னு இருந்தா ஹவுசிங்க மாத்த வேண்டியதே இல்ல. லேசா தட்டுப்பட்டா மெல்லிசு ஃபைல்ல தேச்சு சமமாக்கிக்கலாம். நகம் சிக்கி நிக்கற அளவு பள்ளம் விழுந்திருந்தா மட்டும் ஹவுசிங் மாத்தணும், இல்லன்னா புது பிளேட்டு அந்தப் பள்ளத்துல மாட்டி கிளட்ச் சரியா விடாது, நியூட்ரல் விழாம படுத்தும். உள்ள இருக்கற ஹப்புலயும் இதே மாதிரி பாத்துடுங்க.

புது பிளேட்ட காஞ்சபடி போட விடாதீங்க, நீங்க ஊத்தற அதே ஆயில்ல முந்தின நாள் ராத்திரியே ஊறப் போட்டுடுங்க. பிளேட் கழட்டற வரிசையயும் போன்ல படம் எடுத்துக்கங்க, சில வண்டியில கடைசி பிளேட்டு வேற காடியில உக்காரும். ஸ்பிரிங் போல்ட்ட எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணணும், ஒரு பக்கம் மட்டும் முறுக்கினா அந்த போல்ட் எறங்கற அலுமினியம் தூண் ஒடிஞ்சுடும், அப்படி ஒடிஞ்சாத்தான் நெசமாவே பெரிய செலவு. சைடு கவர் போல்ட் எல்லாம் ஒரே நீளம் இருக்காது, அட்டையில கவர் மாதிரி வரைஞ்சு அந்தந்த இடத்துலயே குத்தி வைக்கச் சொல்லுங்க. பழைய கேஸ்கட்ட சுரண்டிட்டுப் புதுசு போடுங்க, ஆயில்ல பிளேட் தூள் கலந்திருக்கும், அதையும் மாத்திடுங்க. மாட்டினப்பறம் மொதல் 200, 300 கிலோமீட்டர் மூட்டை இல்லாம நிதானமா ஓட்டிட்டு, பிளே கொஞ்சம் மாறியிருக்கும், மறுபடி அட்ஜஸ்ட் பண்ணிட்டு மலை ஏறுங்க.