பார்சிலோனாவில் கப்பல் ஏறும் இடம்: முழங்கால் வலியுள்ள அம்மா எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்?

கேள்வி: குடந்தைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் பணிபுரியும் என் மகள், வரும் மே மாதத்தில் எனக்கும் என் மனைவிக்கும் 74 வயதான என் தாயாருக்கும் சேர்த்து, ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் புறப்பட்டு மத்தியதரைக் கடலில் ஏழு இரவுகள் சுற்றி அதே ஊருக்குத் திரும்பும் கப்பல் பயணம் ஒன்றுக்குப் பதிவு செய்திருக்கிறாள். அவளும் அங்கே வந்து சேர்ந்துகொள்வாள். விசா, விமானச் சீட்டு எல்லாம் அவள் பொறுப்பு; அவற்றைப் பற்றி நான் கேட்கவில்லை.

என் கவலை ஒன்றே ஒன்று. அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். கும்பேசுவரர் கோயில் வாசல் வரை ஆட்டோவில் போய், உள்ளே மெல்ல நடந்து, வழியில் இரண்டு இடங்களில் உட்கார்ந்து எழுந்து சந்நிதிக்குப் போய்விடுவார். அதற்கு மேல் இயலாது. மகாமகக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதை அவர் விட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மகளிடம் கேட்டால், "எல்லாம் ஏர்போர்ட் மாதிரிதான் அப்பா" என்கிறாள். விமான நிலையத்தில் நடக்கும் நடையில் எனக்கே மூச்சு வாங்கும் என்பது அவளுக்குத் தெரியாது போலும்.

வண்டியை விட்டு இறங்கிய இடத்திலிருந்து கப்பலில் எங்கள் அறையைச் சேரும் வரை அம்மா எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும், நடுவில் உட்கார இடம் உண்டா, சக்கர நாற்காலியை அங்கே போய்க் கேட்டால் கொடுப்பார்களா அல்லது முன்கூட்டியே சொல்ல வேண்டுமா என்பதை, அந்த வழியாகப் போய் வந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

பதில்: தஞ்சை கீழவாசல்

ஐயா, வணக்கம். சென்ற ஆண்டு செப்டம்பரில் என் மாமியாரை அழைத்துக்கொண்டு அதே ஊரில் கப்பல் ஏறியவள் என்ற முறையில் எழுதுகிறேன். அவருக்கு 71 வயது. ஒரு முழங்காலில் மட்டும் வலி.

முதலில் ஒன்று. "துறைமுகத்துக்குப் போக வேண்டும்" என்று மட்டும் டாக்சிக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். தஞ்சாவூரில் ஆட்டோ ஏறி "பஸ் ஸ்டாண்டு" என்றால் "பழையதா, புதியதா" என்று கேட்பாரே, அதே கதைதான் அங்கும். எங்கள் ஓட்டுநர் அதைக்கூடக் கேட்கவில்லை. பெட்டிகளைப் பார்த்து என்ன நினைத்தாரோ, மயோர்க்கா முதலிய பாலியாரிக் தீவுகளுக்குப் படகுகள் புறப்படும் முனையத்தில் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அங்கும் கப்பல் நின்றது, வரிசையும் இருந்தது. அரை மணி நேரம் வெயிலில் நின்ற பிறகே, எங்கள் கப்பல் துறைமுகத்தின் மறுபக்கத்தில் நிற்கிறது என்று தெரிந்தது. மாமியார் அன்று நடந்த நடையில் பாதி அந்தத் தவற்றினால் நடந்தது. ஆகவே, உங்கள் சீட்டில் முனையத்தின் பெயராக ஓர் எழுத்தும், அதனுடன் "மோல் அடோசாத்" என்ற சொல்லும் இருக்கும். அதைப் பெரிதாக ஒரு தாளில் எழுதி ஓட்டுநரிடம் காட்டுங்கள்.

சரியான முனையத்தை அடைந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். வாசலிலேயே சுமைக்காரர்கள் நிற்கிறார்கள். வீட்டிலேயே அச்சிட்டுப் பெட்டியில் கட்டிக்கொண்டு போகும் சீட்டைப் பார்த்து, பெரிய பெட்டிகளை அங்கேயே வாங்கிக்கொள்கிறார்கள். அவை மாலைக்குள் அறை வாசலுக்கு வந்துவிடும். மாத்திரை, பாஸ்போர்ட், அம்மாவின் மூக்குக்கண்ணாடி இவற்றை மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஊடுகதிர்ச் சோதனை, பதிவு மேசை, ஒரு பெரிய காத்திருப்புக் கூடம், கடைசியில் கப்பலுக்குப் போகும் மூடிய பாலம். கூடத்தில் நாற்காலிகள் ஏராளம். உட்கார இடமில்லாமல் நிற்க வேண்டியிருந்தது பதிவு மேசைக்கு முன்னால் மட்டுமே. அங்கும் முதியவரைப் பார்த்ததும் ஓர் அம்மையார் எங்களைத் தனி வரிசைக்கு அழைத்துக்கொண்டார்.

சிரமம் கொடுத்தது அந்தப் பாலம்தான். படிகள் இல்லை என்றதும் நான் நிம்மதி அடைந்தேன். ஆனால் அது சரிவாகவே போகிறது, ஒரு திருப்பம், மறுபடி ஏற்றம், மறுபடி திருப்பம் என்று. முழங்கால் வலி உள்ளவருக்குப் படியைவிடச் சரிவு எளிது என்று யார் சொன்னார்களோ, அவர் என் மாமியாருடன் ஒருமுறை அதில் ஏறிப் பார்க்க வேண்டும். பாதி வழியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டார். நாங்கள் சக்கர நாற்காலிக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அங்கே கேட்டபோது, ஏற்கெனவே பதிவு செய்தவர்களை ஏற்றி முடித்த பிறகு, நாற்பது நிமிடம் கழித்துத்தான் கிடைத்தது. கிடைத்த பிறகு குறையே இல்லை. ஓர் இளைஞர் அறைக் கதவு வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டுச் சென்றார்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மின்சாரக் கெட்டில், குக்கர், இஸ்திரிப் பெட்டி எதையும் எடுத்துப் போகாதீர்கள். தீ விபத்துக்கு அஞ்சிச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு, கடைசி நாளில்தான் திருப்பித் தருகிறார்கள். என் கெட்டில் அப்படித்தான் போயிற்று. ஆனால் பித்தளை டிகாக்‌ஷன் ஃபில்டர் தப்பித்தது. சோதனைப் பெண்மணி அதைத் திருகித் திறந்து, அடித்தட்டின் துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பழைய காபித்தூளை முகர்ந்து பார்த்த பிறகு சிரித்துக்கொண்டே மூடிக் கொடுத்தார். வெந்நீர் கப்பலின் உணவுக்கூடத்தில் எப்போதும் கிடைக்கும். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவரத் தடை இருக்கிறது.

பதில்: நாகைக் கடலோடி (ஓய்வு)

சகோதரி எழுதியது முற்றிலும் சரி. வணிகக் கப்பல்களில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்பதால், அந்தத் துறைமுகத்தின் அமைப்பைச் சற்று விளக்குகிறேன். அது புரிந்தால் எவ்வளவு நடை என்பதும் புரிந்துவிடும்.

பார்சிலோனாவின் ராம்ப்லா வீதி கடலைத் தொடும் இடத்தில் கொலம்பஸ் தூண் நிற்கிறது. 1888-இல் நடந்த உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட, சுமார் 60 மீட்டர் உயரத் தூண் அது. அதற்கு எதிரே, நகரை ஒட்டியே, வேர்ல்ட் டிரேட் சென்டர் என்ற கட்டடத்தின் பக்கத்தில் சில முனையங்கள் இருந்தன. அங்கிருந்து ஊருக்குள் நடந்தே போகலாம். இன்றைய பெரிய கப்பல்களோ, மோல் அடோசாத் என்னும் நீண்ட துறைமேடையில் நிற்கின்றன. மோல் என்றால் கத்தலான் மொழியில் துறைமேடை. அலைத்தடுப்புச் சுவரை ஒட்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் அதற்குப் போக, 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஐரோப்பா வாயில் பாலத்தைக் கடக்க வேண்டும். நம் பாம்பன் பாலம் போல இதுவும் கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பாலம். திறந்திருந்தால் வண்டிகள் காத்திருக்க வேண்டும். கொலம்பஸ் தூணிலிருந்து அங்கே நடந்து போவதை உங்கள் தாயாரோடு எண்ணிப் பார்க்கவே வேண்டாம். தூணுக்கு அருகிலிருந்து முனையங்களுக்குப் பேருந்து விடுகிறார்கள். பெட்டிகளும் முதியவரும் இருக்கும்போது அதுவும் வேண்டாம். விமான நிலையத்திலிருந்து முனையம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். டாக்சியில் முனைய வாசலிலேயே இறங்கிவிடலாம். விமான நிலையத்துக்கும் அடோசாத்துக்கும் இடையே டாக்சிக்கு நிலையான கட்டணம் உண்டு என்பதால் மீட்டரைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான். மகளோடு நான்கு பேரும் ஆறு பெட்டியும் என்றால் பெரிய வண்டியாகக் கேளுங்கள்.

முனையத்தின் எழுத்தைப் பயணத்துக்கு முந்தைய வாரத்தில் மறுபடி சரிபாருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நகரை ஒட்டிய முனையங்களைப் படிப்படியாக மூடிக் கப்பல்களை அடோசாத்துக்கு மாற்றுவதென்று 2018-இலேயே மாநகராட்சியும் துறைமுகமும் உடன்பாடு செய்துகொண்டன. 2025 ஜூலையில் அதற்கு மேலும் ஒன்று: ஏ, பி, சி என்ற மூன்று பழைய முனையங்களையும் இடித்துவிட்டு அவற்றுக்குப் பதில் ஒன்றே ஒன்று கட்டி, மொத்த எண்ணிக்கையை 2030-க்குள் ஏழிலிருந்து ஐந்தாகக் குறைப்பது. ஒரே நேரத்தில் கையாளக்கூடிய பயணிகளின் எண்ணிக்கையும் 37,000-இலிருந்து 31,000-ஆகக் குறையும். கூட்டத்தால் ஊர்மக்கள் சலித்துப் போனதன் விளைவு இது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, மகாமகக் கூட்டம் ஆண்டு முழுவதும் நின்றால் குடந்தை என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இவ்வாறு மாற்றங்கள் நடக்கும் இடத்தில், பழைய காணொளியைப் பார்த்து இடத்தை முடிவு செய்யக் கூடாது.

சக்கர நாற்காலி பற்றி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 என்ற ஒழுங்குமுறைப்படி, நடமாட்டத்தில் குறைபாடு உள்ள பயணிக்குத் துறைமுகத்திலும் கப்பலில் ஏறும்போதும் இறங்கும்போதும் கட்டணமின்றி உதவி கிடைக்க வேண்டும். வயது முதிர்ந்தவரும் இதில் அடங்குவார். குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகக் கப்பல் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மகளை இன்றே எழுத்து வழியாகக் கேட்கச் சொல்லுங்கள். வந்த பதிலை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை மகளிடம் கேளுங்கள்: வழியில் உள்ள ஊர்களில் எவற்றில் கப்பல் கரையைத் தொடாமல் நங்கூரமிட்டு நிற்கும்? ஃபிரான்ஸின் வில்ஃபிரான்ஷ், கான் போன்ற இடங்களில் பெரிய கப்பல் கடலிலேயே நிற்க, சிறு படகில் கரைக்குப் போக வேண்டும். கப்பலும் படகும் வெவ்வேறு தாளத்தில் ஆடும்போது இடைவெளியைத் தாண்டிக் கால் வைப்பது முழங்கால் வலி உள்ளவருக்கு ஆபத்து; சக்கர நாற்காலியை அதில் ஏற்ற மறுக்கும் கப்பல்களும் உண்டு. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலாக் கப்பல் நாகைக்கு வந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு ஆள் ஏற்றிய காலத்தில் இங்கும் அதுதான் முறை. நாகை திறந்த கடல். கப்பல் தொலைவில் நிற்கும். கரையிலிருந்து தோணியில் போய் ஏற வேண்டும். என் பாட்டனார் அப்படி ஏறியவர். அலை தூக்கும் நொடியில் கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள் என்று சொல்வார். ஐரோப்பாவில் இன்று இழுத்துவிட மாட்டார்கள், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் கடல் அதே கடல்தான். அத்தகைய நாள்களில் அம்மா கப்பலிலேயே இருந்துவிடட்டும்.

பதில்: மாயவரம் பயணி

இரண்டே செய்திகள். ஒன்று, கப்பல் புறப்படும் அன்றே பார்சிலோனா போய் இறங்கும்படி விமானச் சீட்டு எடுக்காதீர்கள். திருச்சியிலிருந்து அங்கே நேரடி விமானம் கிடையாது; எங்காவது மாறித்தான் போக வேண்டும், மாறும் இடத்தில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. முந்தைய நாளே போய் ஓர் இரவு தங்கினால் அம்மாவின் கால் வீக்கமும் வடியும்.

இரண்டு, இறங்கும் நாளுக்கு முந்தைய இரவு. பெரிய பெட்டிகளைப் பூட்டி, வண்ணச் சீட்டுக் கட்டி, நள்ளிரவுக்குள் அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். காலையில் அவை முனையத்தின் கூடத்தில் வண்ண வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். நான் மிகுந்த ஒழுங்கோடு எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்து, பெட்டியை வெளியே வைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்ததும்தான் தெரிந்தது, என்னிடம் மிஞ்சியது கட்டியிருந்த கைலியும் ஒரு பனியனும் மட்டுமே என்று. மனைவியின் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஸ்பெயின் நாட்டுச் சுங்க அதிகாரியின் முன்னால் நடந்து போனேன். மறுநாள் உடையையும் மாத்திரைகளையும் தனியே எடுத்து வையுங்கள்.

பதில்: குடந்தைக்காரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளிடம் பேசினேன். சீட்டில் "சி" என்று இருக்கிறது. புறப்படும் வாரத்தில் மறுபடி பார்ப்பதாகச் சொன்னாள். சக்கர நாற்காலிக்கு எழுதிவிட்டாள். பயணப் பட்டியலில் வில்ஃபிரான்ஷ் இருக்கிறது. நாகை ஐயா சொன்னதைப் படித்துக் காட்டியதும், "நான் கப்பலிலேயே உட்கார்ந்து கடலைப் பார்க்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவருடைய பெரியப்பாவும் ரஜூலாவில் போனவராம். இத்தனை நாள் எங்களிடம் சொன்னதில்லை.

அம்மாவின் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. முந்தைய இரவு தங்கப்போவது சமையலறை உள்ள வாடகை வீடு. காலையில் புளியோதரை கலந்து கட்டிக்கொண்டு போனால், முனையத்தில் உட்கார்ந்து சாப்பிட விடுவார்களா?

பதில்: தஞ்சை கீழவாசல்

காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து தாராளமாகச் சாப்பிடலாம். கை கழுவ இடமும் பக்கத்திலேயே இருந்தது, நாங்களும் அங்கேதான் சாப்பிட்டோம். ஆனால் பாலத்தில் ஏறுவதற்கு முன் டப்பாவைக் காலி செய்துவிடுங்கள். உறை பிரிக்காத முறுக்கு, தட்டைக்கு எங்கள் கப்பலில் தடை சொல்லவில்லை. வீட்டில் சமைத்ததை உள்ளே விட மறுத்துவிட்டார்கள். மீந்த எலுமிச்சம்பழச் சாதத்தைத் தொட்டியில் போடச் சொன்ன பெண்ணை என் மாமியார் இன்னும் மன்னிக்கவில்லை.