டாக்கிங்: ‘பிணைப்பு’ வேண்டாம், ‘பொருத்திப்பார்ப்பு’ என்போம்

அன்பின் நண்பர்களுக்கு,

மூலிகைச் சேர்மங்களை வைரஸ் புரதத்தோடு கணினியில் சேர்த்துப் பார்க்கிற டாக்கிங் வேலைக்கு தமிழில் ‘மூலக்கூறு பிணைப்பு’ என்று பெயர் வைத்துவிடலாம் என நம் கலைச்சொல் குழுவின் இழை கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டது. எனக்கு உடன்பாடில்லை. சகப்பிணைப்பு, அயனிப் பிணைப்பு என்று அந்தச் சொல் பள்ளிப் புத்தகத்திலேயே வேறு வேலைக்குப் போய்விட்டது. தவிர, அது நடந்து முடிந்த ஒன்றைச் சொல்கிறது. டாக்கிங்கில் எதுவும் நடந்து முடிவதில்லை.

செய்முறையைப் பாருங்கள். 2020 பிப்ரவரியில் கொரோனா வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸ் நொதியின் அமைப்பு, 6எல்யூ7 என்ற குறியீட்டுடன் புரதத் தரவு வங்கியில் வெளியானது. உலகம் முழுக்க அந்தக் கோப்பைத்தான் இறக்கினார்கள். அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் என்3 என்ற தடுப்பியை (நொதியின் வேலையைத் தடுக்கும் மூலக்கூறு) தூக்க வேண்டும், நீர் மூலக்கூறுகளை அழிக்க வேண்டும், ஹைட்ரஜனைச் சேர்க்க வேண்டும். நொதி வேலை செய்கிற பள்ளத்தில் இருக்கும் ஹிஸ்டிடின் 41, சிஸ்டீன் 145 என்ற இரண்டு அமினோ அமிலங்களும் உள்ளே அடங்குகிற மாதிரி, எங்கே தேடுவது என்று காட்ட ஒரு பெட்டி போட வேண்டும். அப்புறம் நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடையோ மஞ்சளின் குர்குமினையோ கொடுத்தால், நிரல் அதைத் திருப்பி, புரட்டி, வளைத்து, வழக்கமாக ஒன்பது கிடைகளைக் காட்டும்; ஒவ்வொன்றுக்கும், எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என்று ஒரு மதிப்பெண் (எவ்வளவு எதிர்மமோ அவ்வளவு நல்லது). (‘போஸ்’ என்பதற்குக் ‘கிடை’ போதும் என்பது என் கட்சி. ‘நிலை’ எல்லா இடத்திலும் நிற்கிறது.) புரதம் மட்டும் பெரும்பாலும் விறைத்தபடியே இருக்கும். உடலுக்குள் அது அப்படி இருக்காது.

அந்த மதிப்பெண்ணும் எவ்வளவு தளர்வானது! ஆட்டோடாக் வினா என்ற டாக்கிங் நிரலை உருவாக்கியவர்களே 2010 கட்டுரையில் திட்டப்பிழை மோலுக்கு 2.85 கிலோகலோரி என்று எழுதியிருக்கிறார்கள். (உச்சரிப்பு வீனாவாம், நான் வினா என்றே எழுதுவேன், பொருத்தமாக இருக்கிறது.) அப்படியிருக்க, ஒன்றுக்கு −7.9, இன்னொன்றுக்கு −8.3 என்று வந்தால் எது மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது. இதற்குப் ‘பிணைப்பு’ என்று பெயர் வைத்தால், ‘கபசுரக் குடிநீரின் மூலக்கூறுகள் வைரஸைப் பிணைக்கின்றன’ என்று ஒரு தலைப்பு வரும். அடுத்த நாள் மூலிகைக் கடையில் கூட்டம் நிற்கும்.

இன்னொன்று. பாக்ஸ்லோவிட் என்ற கோவிட் மாத்திரையில் உள்ள நிர்மட்ரெல்விர் அதே பள்ளத்தில், அதே சிஸ்டீன் 145இன் கந்தகத்தோடு உண்மையிலேயே சகப்பிணைப்பு கொள்கிறது. டாக்கிங்கைப் ‘பிணைப்பு’ என்றால் இதை என்னவென்று சொல்வது?

ஆகவே ‘பொருத்திப்பார்ப்பு’. எழுதிப் பார், சமைத்துப் பார் என்னும்போது வருகிற ‘பார்’ முயற்சியைத்தான் சொல்கிறது, வெற்றியை அல்ல. நமக்குத் தேவையான சந்தேகம் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. நீளம் என்று இழையில் ஒரு நண்பர் குறைப்பட்டார், ‘சரிபார்ப்பு’ புழங்கவில்லையா? சித்த மருத்துவர் அம்மா சொன்ன ‘பொருத்தம் பார்த்தல்’ கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா, நீங்கள் சொன்னதுதான் கருத்தளவில் ஆகச் சரி: பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று ஜாதகம் சொன்னாலும் குடும்பம் நடத்துவது வேறு கதை. ஆனால் ஆய்வேட்டின் தலைப்பில் அது ஏறாது.

ஏராளமான சேர்மங்களை இப்படி ஓட்டிப் பார்த்துச் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கிற ‘ஸ்கிரீனிங்’குக்குத் ‘திரையிடல்’ வேண்டவே வேண்டாம், அது சினிமாக் கொட்டகைச் சொல். ‘சலிப்பு’ என்றால் அலுப்பு. (சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் மூலிகைச் சேர்மத் தரவுத்தளமான இம்பாட்டில், இரண்டாம் பதிப்பில், 4,010 செடிகளின் 17,967 சேர்மங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஓட்டுகிறவருக்கு அந்தப் பொருளும் பொருந்தலாம்.) ‘கணினிவழிச் சலித்தெடுப்பு’ என்றால் குழப்பமில்லை. கணினியில் மட்டும் செய்கிற ஆய்வைக் குறிக்கும் ‘இன் சிலிக்கோ’வுக்கும், அதன் கூட்டாளிகளான ‘இன் விட்ரோ’, ‘இன் விவோ’வுக்கும் தனிச்சொல் தேடி அலைய வேண்டாம்: கணினியில், குடுவையில், உடலில். மூன்றும் படிகள் என்பதும் தெரிகிறது.

புரதத்தில் போய்ப் பொருந்துகிற சிறு மூலக்கூறைச் சொல்லும் ‘லிகண்ட்’தான் சிக்கல். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் ‘ஈனி’. அணைவுச் சேர்மத்தில் அது எலக்ட்ரான் இணையை ஈனுகிறது, சரி. இங்கே மருந்து மூலக்கூறு பள்ளத்தில் போய் உட்காருகிறது, அவ்வளவுதான். எதையும் ஈன வேண்டியதில்லை. ‘அமர்வி’ என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ மாநாட்டு அமர்வு மாதிரி ஒலிக்கிறது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள். அதுவரை நான் லிகண்ட் என்றே எழுதுகிறேன்.