பிலிமில் தெரியாத வெல்டு குறை: உங்களுக்கு நேர்ந்ததா?

துவாக்குடி பக்கம் ஒரு பேப்ரிகேஷன் பட்டறை. 25 மி.மீ. தகடு, ஒற்றை 'வி' ஜாயிண்ட், இரு பக்கமும் 30 டிகிரி சரிவு. முந்தின இரவே ஆட்களை வெளியேற்றி, சுற்றிலும் கயிறு கட்டி, இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து ஆர்.டி. (கதிர் பாய்ச்சிப் பிலிமில் படமெடுக்கும் சோதனை) எடுத்திருந்தார்கள். பிலிமில் சில போரோசிட்டி (காற்றுக் குமிழி) புள்ளிகள். எல்லாம் அனுமதித்த அளவுக்குள். ஜாயிண்ட் பாஸ்.

வாடிக்கையாளர் யு.டி.யும் (ஒலி அலைச் சோதனை) கேட்டிருந்ததால் நான் போனேன். ஒலி உள்ளே இறங்க சி.எம்.சி. கூழைத் தடவி, ஒலியை 60 டிகிரி சாய்வில் அனுப்பும் புரோபை ஓட்டினால், ஓரிடத்தில் எக்கோ (திரும்பி வரும் ஒலி) திரையில் விருட்டென்று எழுந்தது. வெல்டுக்கு இணையாக நகர்த்தினாலும் விழவில்லை. ஆழத்தையும் தூரத்தையும் கணக்கிட்டேன். வெல்டின் அடியான ரூட்டும் இல்லை, மேல் மேடான கேப்பும் இல்லை. சரியாகச் சரிவு முகத்தில் உட்கார்ந்தது. பக்கச் சுவரோடு வெல்டு ஒட்டவே இல்லை.

வெல்டர் அண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை. "பிலிம்ல ஓகேன்னு வந்திருக்கே தம்பி, உன் மிஷின் மட்டும் எப்படிக் கோளாறு காட்டுது?" என்றார். நியாயமான கேள்வி. பிலிமில் குறை கருப்பாக விழ, கதிர் போகும் வழியில் உலோகம் குறைந்திருக்க வேண்டும். காற்றுக் குமிழியும் ஸ்லாக் கசடும் அப்படித்தான் சிக்குகின்றன. காகிதம் போல மெலிந்த இடைவெளி கதிருக்கு 30 டிகிரி சாய்ந்து கிடந்தால் தடமே விழாமல் போகலாம். ஒலிக்கோ அதே சாய்வுதான் வசதி. தகட்டின் அடியில் பட்டு மேலேறும் 60 டிகிரி ஒலி, அந்தச் சரிவில் செங்குத்தாக மோதி வந்த வழியே திரும்பிவிடும். இதை அவருக்கு நோட்டில் படம் போட்டே காட்டினேன்.

அப்புறம் கவுஜிங் செய்து (வெல்டைக் குடைந்தெடுத்து), கிரைண்ட் செய்து, டி.பி. (விரிசலுக்குள் சிவப்புச் சாயம் இறக்கிப் பார்க்கும் சோதனை) பார்த்தோம். சாயத்தை வெளியே இழுக்கும் டெவலப்பரின் வெள்ளையில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு!

தடித்த தகட்டுக்கு ஆர்.டி. மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை. பிரஷர் பாகங்களுக்குப் பக்கத்தில் ஆட்கள் நின்று வேலை செய்கிறார்கள்.

---

நான் கோவையில் பம்ப் காஸ்டிங் பார்க்கிறேன், உங்களுக்கு நேர்ந்தது போல எனக்கும் ஒன்று உண்டு. 316 ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தத் துகள் சோதனை எடுபடாது, டி.பி.தான். ஒரு கேசிங் (பம்பின் வெளிக்கூடு) டி.பி.யில் சுத்தமாக வந்தது. நீர் அழுத்தச் சோதனையில் கசிந்தது. டி.பி.க்கு முன்பு அந்த இடத்தைப் பளபளவென்று கிரைண்ட் செய்திருந்தார்கள். இழுபட்ட உலோகம் விரிசலின் வாயை மூடிவிட்டால் சாயம் எங்கே இறங்கும்? ஆசிடால் லேசாக எட்ச் செய்து (மேற்பரப்பை அரித்து) மறுபடி பார்த்ததும் விரிசல் வெளிவந்தது. இப்போதெல்லாம் கிரைண்ட் செய்த இடத்தை எட்ச் செய்யாமல் டி.பி.க்கு விடுவதில்லை.