முட்டைக்கோஸ் ஆகிப்போன ஐரிஷ் ரோஜா: பழைய பேட்டர்னை எப்படிப் படிப்பது?

கொக்கிமுனை:
குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், எனக்குப் புதிதில்லை. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு ஆறேழு வருடமாகப் போடுகிறேன், டேபிள் கவர், குழந்தைக் குல்லாய் என்று வீடு நிறைய இருக்கிறது. இப்போது, பூவும் இலையும் தனித்தனியாகப் போட்டு வலையால் சேர்க்கும் ஐரிஷ் லேஸில் ஒரு கழுத்துப்பட்டை போடும் ஆசை வந்து, 1910 வாக்கில் லண்டனில் அச்சான ஒரு புத்தகத்தின் ஸ்கேனை இறக்கி, முதல் பக்கத்து ரோஜாவிலேயே மாட்டிக்கொண்டேன். படத்தில் இருப்பது கெட்டியான சின்னப் பூ. எனக்கு வந்ததோ தொளதொளவென்று முட்டைக்கோஸ். பக்கத்தில் போட்ட இலை கரண்டி மாதிரி குழிந்துவிட்டது. நூல் 20-ஆம் நம்பர். "கார்டின் (cord) மேல் டபுள் போடு" என்கிறது புத்தகம், அந்தக் கார்டு என்ன, கடையில் கிடைக்குமா? பூக்களை எல்லாம் எப்படி ஒட்ட வைப்பது என்பதற்கு ஒரே ஒரு வரி: "நடுவில் உள்ள இடத்தை நிரப்பவும்". இவ்வளவுதானா?

இழைபாட்டி:
முட்டைக்கோஸுக்குக் காரணம் நீங்கள் இல்லை, அட்லாண்டிக் கடல். கண்களுக்கு, அதாவது கொக்கியால் போடும் ஒவ்வொரு தையலுக்கும், யூடியூபில் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்கள்தான் ஓடும், உங்கள் புத்தகமோ லண்டன். அங்கே டபுள் என்றால் அமெரிக்காவில் சிங்கிள், அங்கே டிரெபிள் என்றால் இங்கே நீங்கள் பழகிய டபுள். ஒவ்வொரு கண்ணையும் ஒரு படி உயரமாகப் போட்டிருக்கிறீர்கள், இதழ் தொங்காமல் என்ன செய்யும்? இன்னொரு வம்பு, பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் சிங்கிள் என்று வந்தால் அது ஸ்லிப் ஸ்டிட்ச், உயரமே இல்லாத இணைப்புக் கண்.

அட்டை கிழிந்து எந்த ஊர் என்றே தெரியாத புத்தகத்துக்கு நான் பார்ப்பது ஒன்றுதான். கார்டின் மேல் வரிசையாக எந்தக் கண்ணைப் போடச் சொல்கிறது என்று பாருங்கள். கார்டை மூடப் போடுவது பெரும்பாலும் குட்டைக் கண்தான். அதற்குப் புத்தகம் டபுள் என்று பெயர் வைத்திருந்தால் பிரிட்டிஷ், சிங்கிள் என்றால் அமெரிக்கன். அதன்பிறகும் சந்தேகம் இருந்தால் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கி இதழுக்கு எத்தனை கண் என்று எண்ணுங்கள். அச்சுப்பிழை எழுத்தில்தான் அதிகம், படம் போட்டவர் கையில் பூவை வைத்துக்கொண்டு போட்டிருப்பார்.

நூல்பித்தன்:
கார்டு தனியாக வாங்க வேண்டாம். அதே நூலை மூன்று நான்கு இழை சேர்த்துப் பிடித்து, அதன் மேலேயே கண் போட்டு மூடிக்கொண்டே போவதுதான். ஐரிஷ் லேஸ் மேடு தட்டி நிற்பது இதனால்தான். இலை கரண்டியானது நீங்கள் அந்தக் கார்டை இழுத்துப் பிடித்துக்கொண்டே போட்டதால் இருக்கும். ஏழெட்டுக் கண் போட்டதும் நிறுத்தி, வேலையை மேஜையில் படுக்க வைத்து, கார்டை மெல்லத் தளர்த்தியோ இழுத்தோ தட்டையாக்கி விட்டு மேலே போங்கள். அப்புறம், இலையில் திரும்பி வரும்போது பின் இழையில் மட்டும் கொக்கியை விடுங்கள், நரம்பு மாதிரி வரி வரியாக எழும்பும்.

ரோஜாவில் இரண்டாவது அடுக்குக்கான சங்கிலி வளையங்கள் முதல் அடுக்கு இதழ்களுக்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் போட்டால் இதழ் அமுங்கிவிடும். வளையம் ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு சங்கிலி கூடட்டும், முதலில் 5 என்றால் அடுத்து 7. நூல் 20 என்பது கை பழகுவதற்குச் சரி, அதை மாற்றாதீர்கள்.

வடக்குத்தெரு:
நூல்பித்தன் அண்ணா சொன்னதில் கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. 20-இல் போட்டால் ரோஜா கோட் பட்டன் சைஸுக்கு வரும், கழுத்துப்பட்டைக்கு ஆகாது. இரண்டு பூ 20-இல் போட்டு முறை பிடிபட்டதும் இன்னும் மெல்லிய 60-ஆம் நம்பர் நூலுக்குப் போய்விடுங்கள், கொக்கியும் 0.6 மில்லிமீட்டர் வேண்டும். கண் வலிக்கும், பகல் வெளிச்சத்தில் மட்டும் போடுங்கள்.

அந்த ஒற்றை வரிக்கு வருகிறேன். அது சோம்பேறித்தனமில்லை. இந்த லேஸ் பரவியதே அயர்லாந்தில் 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழி தேடித்தான். கார்க் பக்கம் உர்சுலைன் கன்னியாஸ்திரிகள் கற்றுக்கொடுத்தார்கள், மொனகன் மாவட்டத்து க்ளோனிஸ் ஊரில் பாதிரியார் மனைவி கசாண்ட்ரா ஹாண்ட் 1847-இல் தொடங்கினார். வெனிஸ் நகரத்து ஊசி லேஸைப் பார்த்து, அதைவிட வேகமாகக் கொக்கியால் போட்டார்கள். ஒருத்தி ரோஜா மட்டும், இன்னொருத்தி திராட்சைக்குலை மட்டும், சேர்ப்பதற்குத் தனி ஆள். சில குடும்பங்கள் தங்கள் பூவை வெளியாருக்குக் காட்டவே காட்டாதாம். நிரப்புவது கையில் ஊறிய வேலை, அதை யார் வரி வரியாக எழுதுவார்கள்?

செய்யும் விதம் இது. வெள்ளைக் காடாத் துணியில் கழுத்துப்பட்டையின் வடிவை வரைந்து, பூக்களைக் குப்புற வைத்து ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள். பிறகு ஒரு பூவின் ஓரத்தில் நூலைச் சேர்த்து, ஐந்தாறு சங்கிலி, நடுவில் ஒரு பிக்கோ (சங்கிலியை மடக்கிப் போடும் குட்டி வளையம்), மறுபடி சங்கிலி, அடுத்த ஓரத்தில் பிடி. இடம் அகலமாக இருந்தால் சங்கிலி கூட்டு, குறுகினால் குறை. எண்ணாதீர்கள், எண்ணினால் வலை இழுத்துக்கொள்ளும். பிரிக்கும்போது ஓட்டுத் தையலைத் துணியின் பின்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். நான் ஒரு முறை முன்பக்கம் வெட்டி, இரண்டு மாத வேலையில் ஓட்டை போட்டேன், அந்த ஓட்டையை மறைக்கத்தான் என் பட்டையில் யாரும் கேட்காத ஒரு ஷாம்ராக் இலை, அதாவது மூவிலை, இருக்கிறது.

இழைபாட்டி:
பிக்கோவுக்குப் பதில் க்ளோனிஸ் முடிச்சு போடப் போகிறேன் என்று இப்போதே கிளம்பிவிடாதீர்கள். சங்கிலியைச் சுற்றிக் கொக்கியை மேலும் கீழுமாக ஆட்டி எட்டுப் பத்துச் சுற்று நூலேற்றி, எல்லாவற்றுக்குள்ளும் ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவர வேண்டும். முதல் வாரம் பாதியில் நூல் அறும், வாயில் நல்ல வார்த்தை வராது.

கொக்கிமுனை:
எல்லோருக்கும் நன்றி. டபுளைச் சிங்கிளாக்கிப் போட்டுப் பார்த்தேன், அதே நூலில் பூ பாதியாகச் சுருங்கி நிமிர்ந்து நிற்கிறது! இலையும் படுத்துவிட்டது, நுனியில் மட்டும் லேசாகத் தூக்குகிறது. அது கார்டா, இல்லை நுனியில் கண் குறைவா?

நூல்பித்தன்:
கண் குறைவு. நுனியில் ஒரே இடத்தில் மூன்று போடுங்கள்.