பிவிசி பைப்பில் கிறிஸ்துமஸ் ஸ்டார்: முனை நிற்கமாட்டேன் என்கிறது

வணக்கம். காகித ஸ்டார் வருஷா வருஷம் பனியில் நமுத்துப்போகிறது. சரி, அரை இஞ்ச் பிவிசி பைப்பில் நானே செய்யலாம் என்று நான்கடியில் ஐந்து துண்டு வெட்டிவிட்டேன். ஹார்டுவேர் கடையில் மூலையில் பைப்பை இணைக்கும் எல்போ 90, 45 டிகிரியில்தான் இருக்கிறது. ஸ்டார் முனைக்கு வேண்டியது 36! துளை போட்டுக் கட்டுக்கம்பியால் முறுக்கினேன். தூக்கியதும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிவிட்டது. நடுவில் பைப்புகள் குறுக்கிடும் ஐந்து இடத்திலும் கட்டினால் நிற்குமா, இல்லை நட்டு போல்ட்டுதானா?

அப்புறம், பைப்பில் அடித்த சிவப்பு எனாமல் பெயிண்ட் நகம் பட்டாலே உரிகிறது. உப்புத்தாள் தேய்த்துவிட்டு அடித்தால் போதுமா, பிரைமரும் வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். சீரியல் செட் வேறு வாங்கியாச்சு, பின்வாங்க வழியில்லை.