மறு: 'லீடர்போர்டு' – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அம்மாப்பேட்டை ஆசிரியை:
வணக்கம். எங்கள் பள்ளியின் இணையப் பாடச் செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'லீடர்போர்டு', அதாவது புள்ளிப்படி யார் முன்னே, யார் பின்னே என்று காட்டும் பட்டியல், அது மட்டும் நிற்கிறது. வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். போன் திரையில் ஒரு பொத்தானுக்குள் அடங்கணும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பார்த்ததும் புரியணும். 'முன்னிலைப் பலகை' சரிவருமா?

மேச்சேரிப் புலவர்:
காலையில் தன்மை, முன்னிலை, படர்க்கை நடத்திவிட்டு மாலையில் முன்னிலைப் பலகை காட்டினால், நீ, நீர், நீங்கள் எழுதிய பலகை என்றுதான் பையன் நினைப்பான் அம்மா. 'அவையத்து முந்தி இருப்பச் செயல்' என்று குறளிலேயே வினை இருக்கிறது. நிரல் என்றால் வரிசை. நிரல்நிறை படிக்காதவர் இங்கே யார்? 'முந்துநிரல்'. ஆறே எழுத்து, எந்தப் பொத்தானிலும் அடங்கும்.

அழகாபுரம் நிரலாளர்:
ஐயா, எங்கள் தொழிலில் நிரல் என்றால் புரோகிராம். முந்துநிரல் என்றால் முன்கூட்டி ஓடவேண்டிய ஏதோ ஒன்று என்றுதான் எனக்குப் படுகிறது. ஓட்டு எண்ணும் நாளில் டிவியில் 'முன்னிலை' என்று ஓடும்போது யாருக்கும் இலக்கணம் ஞாபகம் வருவதில்லை, அது இருக்கட்டும். பலகைதான் வேண்டாம். கோல்ஃப் மைதானத்தில் நிஜப் பலகை நட்டு, முந்துபவர் பெயரை மாட்டினார்கள். அங்கே அது பொருத்தம்.

மேச்சேரிப் புலவர்:
நிரலைப் புரோகிராமுக்குத் தாரை வார்க்கச் சொன்னது யார்? சொல்லாராய்ச்சி அறிஞர் தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த ஊர் ஐயா இது. சரி, வேறு வேண்டுமா? முன்செல்லும் படைக்குப் பழைய பெயர் தூசி. 'தூசிப் பட்டியல்'. தூசுக்கும் இதற்கும் உறவு உண்டா என்று கேட்பீர்கள். முதலில் போகிறவன் கிளப்புவதுதானே புழுதி? அதனால் படை முந்தியா, புழுதி முந்தியா என்பதை வேர்ச்சொல் வழியே நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஓமலூர்க்காரர்:
எழுதாதீர்கள் ஐயா, கும்பிட்டுக் கேட்கிறேன். தூசிப் பட்டியல் என்று போட்டால் பிள்ளைகள் திரையைத் துடைக்கத் துணி தேடும். ராஜாஜி 1916-லேயே அறிவியல் சொல்லாக்கத்துக்கு இதே சேலத்தில் சங்கம் வைத்தார். அங்கேயும் இந்தச் சண்டை நடந்துதான் இருக்கும். 'லீடர்போர்டு' என்றே விட்டால் என்ன கெட்டுவிடும்?

ஏற்காட்டு அம்மா (ஓய்வுபெற்ற ஆசிரியை):
அந்தத் திரை எதைக் காட்டும் என்று யாரும் கேட்கவில்லையே. கஹூட் என்ற வினாடி வினாச் செயலியில் ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு முதல் 5 பேர் மட்டும் தெரிவார்கள். மொழி கற்கும் செயலியான டுவோலிங்கோ 30 பேரை ஒரு குழுவாகப் போட்டு, வாரக் கடைசியில் சிலரை ஏற்றும், சிலரை இறக்கும். ரெண்டுக்கும் ஒரே பெயரா? ஹானஸ், ஃபாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், சாதனை முத்திரையும் (பேட்ஜ்) லீடர்போர்டும் வைத்த வகுப்பை 16 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். அவை இல்லாத வகுப்பைவிட ஆர்வம் குறைந்தது, அதன் வழியே இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் குறைந்தது. ஒப்பிட்டு ஒப்பிட்டே பிள்ளை சோர்ந்துவிடும்.

அம்மாப்பேட்டை ஆசிரியை:
எங்கள் திரையில் கடைசிப் பெயர் வரை தெரிகிறது அம்மா. ஒரு பையன் வீட்டில் ஒரே போன். விசைத்தறிக்குப் போன அப்பா எட்டு மணிக்கு வந்தால்தான் அது கைக்கு வரும். சீக்கிரம் முடித்தால் கூடுதல் புள்ளி என்று வைத்திருப்பதால், அதற்குள் மற்றவர்கள் அள்ளிவிடுகிறார்கள். இப்போது அவன் உள்ளே வந்ததும் பாடத்தைத் திறப்பதில்லை. பட்டியலின் அடிக்குத் தள்ளிப் பார்த்துவிட்டு வெளியே போய்விடுகிறான்.

அழகாபுரம் நிரலாளர்:
நேரப் புள்ளியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனக்கு மேலே ரெண்டு பேர், கீழே ரெண்டு பேர் மட்டும் தெரியும்படி செய்யலாம். பெரிய வேலை இல்லை. வாராவாரம் புள்ளியைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் பின்தங்கியவனும் எட்டிப்பிடிப்பான். ஆனால் முதலாவது ஆளே திரையில் இல்லாதபோது 'முன்' எங்கிருந்து வரும்?

ஏற்காட்டு அம்மா:
அதைத்தான் சொல்கிறேன். எங்கள் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுக்கும் எண் உண்டு. 'ஏழாவது வளைவு தாண்டிட்டேன்' என்றுதான் போனில் சொல்வோம். முன்னால் எத்தனை வண்டி போகிறது என்று யார் எண்ணுகிறார்கள்? 'என் நிலை' என்று போடுங்கள்.

ஓமலூர்க்காரர்:
'ஐயோ, என் நிலை!' என்று புலம்புவதுபோல் இருக்கிறதே அம்மா. 'என் இடம்' தேவலாம்.

அம்மாப்பேட்டை ஆசிரியை:
இன்று வியாழன். பொத்தானில் 'என் இடம்'. வாரக் கடைசியில் முதல் ஐந்து பேரைக் காட்டும் திரைக்கு மட்டும் 'முன்னணிப் பட்டியல்'. 'தரவரிசை' கிரிக்கெட்டில் பழகியதுதான், ஆனால் தரம் என்ற சொல் பிள்ளைமேல் ஒட்டிக்கொள்ளும், எனக்கு வேண்டாம். மறுப்பு உண்டா?

அழகாபுரம் நிரலாளர்:
சம்மதம்.

ஓமலூர்க்காரர்:
சம்மதம். தூங்கப் போகிறேன்.

ஏற்காட்டு அம்மா:
'முன்னணி' கட்சிப் பெயர்போல இருக்கிறது. இருந்தாலும் சரி.

மேச்சேரிப் புலவர்:
எனக்குச் சம்மதம் இல்லை, பதிந்துகொள்ளுங்கள். என் வகுப்பில் முந்துநிரல்தான். புரோகிராமுக்கு வேறொரு சொல் தேடவேண்டியது நிரலாளர் தம்பியின் பொறுப்பு. திங்கட்கிழமை அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். தூசியைப் பற்றியும் அதிலேயே எழுதிவிடுகிறேன்.